உரசும் இடத்தில் ஒன்று சேர்வோம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதை குடுடா, அதுதான் எல்லாரும் படிப்பாங்க" என்று விடுதி நண்பர்கள் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது ஒரு தேய்ந்த புஷ்ஷின் கதை. அந்தப் புஷ்ஷை வைத்துக்கொண்டு 'மேற்பரப்பு அறிவியல்' என்ற பாடத்தைக் கொஞ்சம் படித்தேன். நம் சிலபஸில் அது தனிப் பாடமாக இல்லை. ஆனால் நம் ஒவ்வொருவருடைய சிலபஸிலும் அதில் ஒரு துண்டு இருக்கிறது. அந்தத் துண்டுகளை ஒன்று சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் தறியும் ஒரு புஷ்ஷும்

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். சொந்தத் தறி கிடையாது, கூலிக்குத்தான். மீட்டர் கணக்கில் கூலி. தறி ஓடினால் காசு, நின்றால் இல்லை.

அவர் ஓட்டும் ஒரு தறியில் கீழ் ஷாஃப்டைத் தாங்கும் கன்மெட்டல் புஷ் ஒரே வருடத்தில் நான்கு முறை தேய்ந்துபோனது. ஒவ்வொரு முறையும் முக்கால் நாள் தறி நிற்கும். அது போதாதென்று, "எண்ணெய் விடாம ஓட்டுனா புஷ்ஷு எப்படி நிக்கும்?" என்று தறிக்காரர் புஷ் விலையை வாரக் கூலியில் பிடித்துக்கொள்வார். "தெனமும் காலைல விடறேனுங்க" என்று அப்பா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கே பாதி சந்தேகம்தான். புத்தகத்தில் 'உயவு இல்லாவிட்டால் தேய்மானம்' என்று படித்தவன் ஆயிற்றே!

நான்காவது புஷ்ஷைச் சாப்பாட்டுப் பையில் போட்டுப் பாலிடெக்னிக்குக் கொண்டு வந்தேன். ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். "எண்ணெய்ல கோளாறா இருக்கும்பா, கெமிஸ்ட்ரி லேப்ல கேட்டுப் பாரு" என்றார்கள். கெமிஸ்ட்ரி லேபில், "எண்ணெய் சரியா தப்பான்னு சொல்லலாம். உலோகம் ஏன் இப்படிக் கீறியிருக்குன்னு நாங்க எப்படிச் சொல்றது?" என்றார்கள். டெக்ஸ்டைல் பிரிவு நண்பனிடம் கேட்டால், "தறி எங்க பாடம், புஷ்ஷு உங்க பாடம்" என்று சிரித்தான். யார் மேலும் தப்பில்லை. அவரவர் சொன்னது அவரவர் பாடப்படி சரி. ஆனால் புஷ் அப்படியே என் பையில்தான் இருந்தது.

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. சுமார் 60 வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்து தேசமே இப்படித்தான் ஒரு தேய்ந்த புஷ்ஷைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி நமக்கும் பாடம்.

மேற்பரப்பு என்பது என்ன?

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருக்கும் அணுவுக்கு நாலாபுறமும் பக்கத்து அணுக்கள் உண்டு. எல்லாப் பக்கமும் பிணைப்பு. ஆனால் மேலே, ஓரத்தில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் ஆளே இல்லை. அதன் பிணைப்பில் கொஞ்சம் மிச்சம் தொங்குகிறது. அந்த மிச்சத்தால்தான் அது காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடிக்கிறது, தண்ணீரைப் பிடிக்கிறது, எண்ணெயைப் பிடிக்கிறது, எதிரே வரும் இன்னொரு இரும்பையும் பிடிக்கிறது. துரு, பெயின்ட், சாலிடரிங், பசை, முலாம், உயவு, உராய்வு எல்லாமே இந்த மேல் அணுக்கள் நடத்தும் காரியங்கள்தான்.

அந்தக் கட்டியில் மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் எத்தனை? கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒரு கோடி அணுவுக்கு ஒன்றுதான் வெளியே இருக்கிறது. கோடியில் ஒருவன் செய்யும் வேலையால் மொத்தக் கட்டியின் தலையெழுத்தும் முடிவாகிறது!

அதே கட்டியை 1 மி.மீ. பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு வரும். முதலில் 6 சதுர செ.மீ. இருந்த மேற்பரப்பு இப்போது 60 சதுர செ.மீ. ஆகிவிடும். ஒரு மைக்ரான் அளவுக்குப் பொடி செய்தால் 6 சதுர மீட்டர். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை அளவு இடம் ஒரு கட்டி இரும்புக்குள் ஒளிந்திருக்கிறது. பொடி இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதும், மாவு மில்லில் பறக்கும் தூசி தீப்பிடிப்பதும் இதனால்தான்.

இரண்டு தகடு தொடுகிறது என்றால் எவ்வளவு தொடுகிறது?

உராய்வு விசை எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று நாம் முதலாம் ஆண்டிலேயே படித்தோம். பிரான்சு நாட்டு அமான்டன்ஸ் 1699-லேயே சொன்ன விதி. ஆனால் ஏன்? செங்கல்லைப் படுக்கப் போட்டாலும் நிற்க வைத்தாலும் இழுக்க ஒரே விசை ஆவது எப்படி? பரீட்சையில் யாரும் இதைக் கேட்பதில்லை, நாமும் கேட்டதில்லை.

இதற்கு விளக்கம் தந்தவர்கள் பௌடன், டேபர் என்ற இருவர். பிலிப் பௌடன் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த வேதியியல்காரர். டேவிட் டேபர் லண்டனில் பிறந்த இயற்பியல்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெல்போர்னில் பேரிங், உயவு எண்ணெய் பற்றி ஆராய்ந்த இவர்கள், போருக்குப்பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் நூல் 1950-ல் வந்தது. முதலில் வேதியியல் துறையில் இருந்த அவர்கள் குழு பிற்பாடு இயற்பியல் துறைக்கு மாறியது. ஒரே வேலை, இரண்டு துறைக்கும் பொருந்தியது என்பதைக் கவனியுங்கள்.

அவர்கள் சொன்னது இதுதான். எவ்வளவு வழவழப்பாகத் தீட்டினாலும் உலோகப் பரப்பு ஒரு மலைத்தொடர் மாதிரி. இரண்டு மலைத்தொடரை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தால் சிகரங்கள் மட்டுமே தொடும். நம்முடைய பிரினெல் கடினச் சோதனையை வைத்தே இதைக் கணக்குப் போடலாம். மைல்ட் ஸ்டீலின் கடினம் சுமார் 120 பி.எச்.என். அதாவது ஒரு சதுர மி.மீ. பரப்பு சுமார் 120 கிலோ வரை தாங்கி, அதற்குமேல் நசுங்கும். ஒரு சதுர செ.மீ. அடிப்பரப்புள்ள துண்டின்மேல் 12 கிலோ வைக்கிறோம். சிகரங்கள் நசுங்கி நசுங்கி, எடையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு சேர்ந்ததும் நின்றுவிடும். 12-ஐ 120-ஆல் வகுத்தால் 0.1 சதுர மி.மீ. கண்ணுக்குத் தெரியும் பரப்போ 100 சதுர மி.மீ. ஆக, ஆயிரத்தில் ஒரு பங்குதான் உண்மையில் தொடுகிறது!

எடையை இரட்டிப்பாக்கினால் உண்மைத் தொடுபரப்பும் இரட்டிப்பாகும். செங்கல்லைத் திருப்பிப் போட்டால் எடை மாறாததால் உண்மைப் பரப்பும் மாறாது. அமான்டன்ஸ் விதிக்கு இதுதான் காரணம். அந்தச் சிறு சிகரங்களில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்கிறது. ஷாஃப்ட் சுற்றும்போது அந்த ஒட்டுகள் பிய்கின்றன. பிய்ப்பதற்கு ஆகும் விசை உராய்வு. பிய்ந்து வரும் துணுக்கு தேய்மானம்.

ஒரு மூலக்கூறு கனமுள்ள எண்ணெய்

அப்படியானால் எண்ணெய் என்ன செய்கிறது? ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்போது எண்ணெய் ஆப்பு மாதிரி உள்ளே புகுந்து ஷாஃப்டையே தூக்கிவிடும். இதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் ஓட்டம் ஆரம்பிக்கும்போதும் நிற்கும்போதும் அந்த ஆப்பு இருக்காது. தறி போல மெதுவாக, அடித்து அடித்து ஓடும் இயந்திரத்தில் அது முழுதாக அமைவதும் கஷ்டம். அப்போது காப்பாற்றுவது உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு மூலக்கூறு கனமுள்ள எண்ணெய்ப் படலம். அதன் கனம் இரண்டு மூன்று நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர்.

இதற்கு 'எல்லை உயவு' என்று பெயர் வைத்தவர் சர் வில்லியம் ஹார்டி. 1922-ல் ஐடா டபுள்டே என்ற பெண்மணியோடு சேர்ந்து இதை எழுதினார். ஹார்டி பொறியாளர் இல்லை, உயிரியல் அறிஞர்! நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் தலையால் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு வால் வெளியே நீட்டி நாற்று நட்ட வயல் மாதிரி வரிசையாக நிற்கும் என்பதை அவரும் அவர் வழி வந்தவர்களும் காட்டினார்கள்.

எங்க அப்பாரு மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய் கலந்த வண்டி மை போடுவார். "தேங்காண்ணெய் நிக்காது கண்ணு, வெளக்கெண்ணெய்தான் இரும்பக் கட்டிப் புடிக்கும்" என்பார். விளக்கெண்ணெயின் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம் சேர்ந்தது. அதில் உலோகத்தைப் பிடிக்கும் கைகள் அதிகம், பிசுபிசுப்பும் அதிகம். அப்பாருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அச்சு தெரியும்.

1966 அறிக்கை: துறைகளைச் சேர்த்த கணக்கு

இனி இங்கிலாந்துக் கதைக்கு வருவோம். 1964-ல் கார்டிஃப் நகரில், இரும்பு எஃகு ஆலைகளில் உயவு பற்றி ஒரு மாநாடு நடந்தது. ஆலைகளில் பேரிங்குகளும் கியர்களும் தேய்ந்து நிற்பதால் ஏற்படும் நஷ்டம் பற்றிப் பலரும் பேசினார்கள். அதன்பின் அரசு பீட்டர் ஜோஸ்ட் என்ற பொறியாளர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஜோஸ்ட் லிவர்பூல், மான்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரிகளில் படித்து வந்தவர். நம் ஜாதி என்று வைத்துக்கொள்ளலாம்!

1966 மார்ச்சில் அறிக்கை வந்தது. உராய்வு, தேய்மானம், உயவு பற்றி ஏற்கெனவே தெரிந்த அறிவைச் சரியாகப் பயன்படுத்தினாலே பிரிட்டனின் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கலாம் என்று குழு மதிப்பிட்டது. அந்தக் கணக்கின் உள்ளே பார்த்தால் இன்னும் ஆச்சரியம். எண்ணெய்ச் செலவில் மிச்சம் 1 கோடிதான். உராய்வில் வீணாகும் சக்தியில் 2.8 கோடி. ஆனால் பழுதுபார்ப்பு, உதிரிபாகம் இவற்றில் 23 கோடி. இயந்திரம் திடீரென்று நிற்பதால் வரும் நஷ்டத்தில் 11.5 கோடி. அதாவது எண்ணெயில் சிக்கனம் பிடிப்பது லாபமே இல்லை, தேய்மானத்தில்தான் பணம் போகிறது. எங்கள் தறிக்காரருக்கு இந்த வரியை வாசித்துக் காட்ட ஆசை.

அந்த அறிக்கையின் முக்கியமான பகுதி பணக்கணக்கு அல்ல. அறிவு இருந்தும் ஏன் பயன்படவில்லை என்று குழு யோசித்தது. உராய்வு இயற்பியலிலும், எண்ணெய் வேதியியலிலும், உலோகம் உலோகவியலிலும், பேரிங் டிசைன் இயந்திரவியலிலும் என்று சிதறிக் கிடந்தது. முழுதாகத் தெரிந்தவர் என்று ஒருவரும் உருவாகவில்லை. ஆகவே இது கல்வியில் உள்ள கோளாறு என்று குழு முடிவு கட்டியது. இந்த எல்லாத் துறையும் சேர்ந்த படிப்புக்கு 'டிரைபாலஜி' என்று புதுப் பெயரும் வைத்தது. 'டிரைபோஸ்' என்றால் கிரேக்க மொழியில் உரசுதல்.

பெயர் வைத்ததோடு விடவில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகம், ஸ்வான்சி பல்கலைக்கழகக் கல்லூரி, ரிஸ்லியில் உள்ள அணுசக்தி நிறுவனம் என மூன்று இடங்களில் மையங்கள் வந்தன. லீட்ஸ் நிலையத்தின் இயக்குநராக 1967 முதல் 20 ஆண்டுகள் இருந்தவர் டங்கன் டௌசன். கியர் பல்லும் பால் பேரிங்கும் அவ்வளவு அழுத்தத்திலும் எண்ணெய்ப் படலத்தை எப்படித் தக்கவைக்கின்றன என்று ஹிகின்சனோடு சேர்ந்து கணக்கிட்டுக் காட்டியவர் இவர். அழுத்தம் ஏற ஏற எண்ணெய் கெட்டியாகிறது, உலோகமும் ரப்பர் மாதிரி சற்று அமுங்கி இடம் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தபோதுதான் விடை வந்தது. தனித்தனியாகப் போட்டவர்களுக்கு வரவில்லை.

இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஹோம்பெர்க், எர்டெமிர் என்ற இருவர் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகம் செலவிடும் சக்தியில் சுமார் 23 சதவீதம் உரசும் இடங்களில் போகிறது. இதில் 20 சதவீதம் உராய்வைத் தாண்ட, 3 சதவீதம் தேய்ந்த பாகங்களை மீண்டும் செய்ய.

டாக்டரும் டெக்னீஷியனும்

லீட்ஸில் டௌசன் இயந்திரத்தோடு நிற்கவில்லை. மூட்டு நோய் மருத்துவர் வெர்னா ரைட்டோடு சேர்ந்து மனித மூட்டுகளையே பேரிங்காக வைத்து ஆராய்ந்தார். மூட்டும் சுமை தாங்கி உரசும் இடம்தானே!

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை லங்காஷயரில் நடந்தது. ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டு செய்ய முயன்றார். எஃகுக் குண்டு, அதற்கு டெஃப்லான் கிண்ணம். டெஃப்லானில் உராய்வு மிகக் குறைவு. தோசைக்கல்லில் பார்க்கிறோமே, அதே டெஃப்லான்தான். சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். ஓரிரு வருடங்களில் எல்லாம் தேய்ந்துபோயின. தேய்ந்த தூள் உடம்புக்குள் கெடுதல் செய்தது. உராய்வு குறைவு என்பது வேறு, தேய்மானம் குறைவு என்பது வேறு. இந்தப் பாடத்தை நாமும் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சார்ன்லியின் ஆய்வகத்தில் ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன் இருந்தார். தேய்மானச் சோதனை இயந்திரத்தைச் செய்து ஓட்டியவர் அவர். 1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் புது பிளாஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்தார். உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன். அது எதற்குப் பயன்பட்டது தெரியுமா? லங்காஷயர் நெசவுத் தறிகளில் கியர் செய்ய! சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று போய்விட்டார். கிரேவன் விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த சமயம் இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. 1962 நவம்பரிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. இன்றும் உலகம் முழுக்கப் பொருத்தும் பல இடுப்பு மூட்டுகளில் கிண்ணம் பாலிஎத்திலீன் வகைதான்.

நண்பர்களே, தறியிலிருந்து வந்த பிளாஸ்டிக் ஒரு கிழவியின் இடுப்பில் ஏறி அவளை நடக்க வைத்தது. நடுவில் நின்று அதைக் கைமாற்றியவர் ஒரு டெக்னீஷியன். டிப்ளமா படிப்பவன் பெரிய ஆராய்ச்சியில் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் ஹாரி கிரேவன் பெயரைச் சொல்லுங்கள்.

மீண்டும் புஷ்ஷுக்கு

இதையெல்லாம் படித்தபின், நாங்களும் ஒரு சின்ன டிரைபாலஜி மையம் ஆரம்பித்தோம். இடம்: அப்பா ஓட்டும் தறி. உறுப்பினர்: எலக்ட்ரிக்கல் நண்பன், டெக்ஸ்டைல் நண்பன், நான். ஆலோசகர்: கெமிஸ்ட்ரி மேடம்.

எலக்ட்ரிக்கல் நண்பன் டாங் டெஸ்டர் கொண்டுவந்தான். எண்ணெய் விடுமுன் மோட்டார் எவ்வளவு கரன்ட் எடுக்கிறது, விட்டபின் எவ்வளவு என்று பார்க்கலாம் என்றான். தறி அடிக்கிற அடிக்கு ரீடிங் ஆடிக்கொண்டே இருந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போட்டோம். பக்கத்துத் தறியில் எண்ணெய் விட்டதும் சராசரி கொஞ்சம் இறங்கியது. புஷ் சூடும் தணிந்தது. அப்பா தறியில் எங்கள் கண் முன்னாலேயே அவர் எண்ணெய் விட்டார். கரன்ட் இறங்கவில்லை. சூடும் தணியவில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. எண்ணெய் விடுகிறார், ஆனால் எண்ணெய் போய்ச் சேரவில்லை!

ஞாயிற்றுக்கிழமை தறி நின்றபோது கழற்றிப் பார்த்தோம். புஷ் அதன் கூட்டுக்குள் கால் சுற்று திரும்பியிருந்தது. கூட்டில் உள்ள எண்ணெய்த் துளையும் புஷ்ஷில் உள்ள துளையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அப்பா தினமும் விட்ட எண்ணெய் மேலேயே நிரம்பி வழிந்து தரையில் போயிருக்கிறது. பார்ப்பவருக்கு எண்ணெய் நிறைய இருப்பது மாதிரி தெரியும். உள்ளே காய்ந்து கிடந்தது.

புஷ் ஏன் திரும்பியது? ஷாஃப்டில் கறுப்பாக ஒரு பிசின் பிடித்திருந்தது. அதைச் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவி, மிச்சத்தில் அயோடின் ஒரு சொட்டு விடச் சொன்னார் மேடம். கருநீலமாக மாறியது. ஸ்டார்ச்! "பாவுக் கஞ்சிடா இது" என்றான் டெக்ஸ்டைல் நண்பன். பாவிலிருந்து உதிரும் கஞ்சித் தூளும் பஞ்சுத் தூசியும், செலவைக் குறைக்கத் தறிக்காரர் வாங்கித் தரும் பழைய என்ஜின் ஆயிலில் கலந்து பசையாகியிருக்கிறது. பசை ஷாஃப்டோடு புஷ்ஷைப் பிடித்து இழுக்க, கூட்டில் லூசாக இருந்த புஷ் கூடவே திரும்பிவிட்டது. நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒரே திசையில் ஆழமான கீறல்களும், ஷாஃப்டில் ஒட்டியிருந்த கன்மெட்டல் துணுக்குகளும் தெரிந்தன. பௌடனும் டேபரும் சொன்ன அதே ஒட்டுகள்.

புதுப் புஷ்ஷைச் சரியான இறுக்கத்தில் பொருத்தி, திரும்பாமல் இருக்க ஒரு கிரப் ஸ்க்ரூ வைத்தோம். துளைகளை நேர் செய்தோம். வாரம் ஒரு முறை துளையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது எண்ணெய் விட ஏற்பாடு. இந்த வரியை எழுதும்போது அந்தப் புஷ் எட்டாவது மாதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்பிய புஷ்ஷைத் தறிக்காரரிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிடித்த பணம் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிடிக்கவில்லை. அன்று ராத்திரி அப்பாவிடம், "நானும் சந்தேகப்பட்டேம்பா" என்று சொல்லிவிட்டேன். அப்பா, "தெரியும் சாமி. நீயாவது கழட்டிப் பாத்தியே" என்றார்.

தேய்ந்த பாகத்தைப் படிப்பது எப்படி?

நண்பர்களுக்குப் பயன்படும் என்று நான் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. தேய்ந்த பாகம் கையில் வந்ததும் பனியன் வேஸ்டால் துடைக்காதீர்கள். சாட்சி முழுக்க அந்த அழுக்கில்தான் இருக்கிறது. முதலில் பாருங்கள், படம் எடுங்கள், கொஞ்சம் சுரண்டி எடுத்து வையுங்கள்.

2. ஒரு உலோகத்தின் துணுக்கு இன்னொன்றில் ஒட்டியிருந்தால் அது ஒட்டுத் தேய்மானம். எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

3. ஓடும் திசையில் நீளக் கீறல் இருந்தால் சிராய்ப்புத் தேய்மானம். மண், தூசி, உலோகத் தூள் உள்ளே புகுந்திருக்கிறது.

4. பால் பேரிங்கிலோ கியர் பல்லிலோ சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தால் களைப்புத் தேய்மானம். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதால் வந்தது.

5. நிறம் மாறிச் சொரசொரப்பாக இருந்தால் அரிப்புத் தேய்மானம். தண்ணீரோ அமிலமோ சேர்ந்திருக்கலாம். அசையாமல் இறுக்கிய இடத்தில் செம்பழுப்புத் தூள் இருந்தால், அந்த இடம் உண்மையில் நுணுக்கமாக அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரே பாகத்தில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். எங்கள் புஷ்ஷில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருந்தன.

நம் பாலிடெக்னிக்கில் ஒரு பொது மேசை

முடிவாக ஒரு கோரிக்கை. டெல்லி ஐ.ஐ.டி.யில் டிரைபாலஜிக்கு மையம் இருக்கிறது. நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து அரிப்பை ஆராய்கிறார்கள். அங்கெல்லாம் வேதியியலும் உலோகவியலும் பொறியியலும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நம்மிடம் அவ்வளவு பெரிய கருவிகள் இல்லைதான். ஆனால் என்ன இல்லை? மெக்கானிக்கலில் மைக்ரோஸ்கோப்பும் கடினச் சோதனை மெஷினும் இருக்கின்றன. ரெட்வுட் விஸ்காமீட்டர் இருக்கிறது. எலக்ட்ரிக்கலில் டாங் டெஸ்டர் இருக்கிறது. கெமிஸ்ட்ரியில் அயோடின் புட்டி இருக்கிறது. எல்லாம் இருக்கின்றன, தனித்தனிப் பூட்டுக்குள்!

ஆகவே மாணவர் பேரவை மூலம் நம் முதல்வர் அவர்களையும் துறைத் தலைவர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்வது இரண்டே விஷயம். ஒன்று, இறுதியாண்டு புராஜெக்ட் குழுவில் வேறு பிரிவு மாணவர் சேர அனுமதி. இரண்டு, வாரத்தில் ஒரு மாலை, ஒரு ஆய்வகத்தில் ஒரு பொது மேசை. சுற்று வட்டாரத்துத் தறிக்காரர், ரிக் வண்டிக்காரர், மில்காரர் யார் வேண்டுமானாலும் தேய்ந்த பாகத்தைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைக்கட்டும். நாம் எல்லாப் பிரிவும் சேர்ந்து பார்ப்போம். தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைத் தேடிப் படிப்போம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் பயன் உண்டு. ஒரு புஷ் தேய்ந்தால் அதன் விலை சில நூறு ரூபாய். அதன் காரணம் தெரியாமல் போனால், அதன் பழி எண்ணெய் விட்ட ஆளின் தலையில் விழுகிறது. நம்மில் பலருடைய அப்பாவும் அப்படிப்பட்ட ஆள்தான். நாம் படித்ததற்கு முதல் உபயோகம் அந்தப் பழியைத் துடைப்பதாக இருக்கட்டும்.

அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளே, நான் போய்விடுவேன். அந்த நான்காவது புஷ்ஷை மெக்கானிக்கல் ஆய்வக அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறேன். கேட்டு வாங்கிப் பாருங்கள். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.